கோடும் குல்லாவும்

ஓவியத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்துக்காக வரைகின்ற ஒருவர், காலையில் ஓடிய ஓட்டத்தையும், மாலையில் வரைந்த கோட்டையும், இடையே செய்தித்தாளில் படித்த அரசியலையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். அதனை இலக்கியம் என ஏற்கலாமா என்னும் கேள்வி நம் இலக்கியக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. பெரியவர்கள் பலர் ‘வீண் பேச்சு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கி விடுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. காப்பியம் பாடுகின்ற புலவர் பாவுக்குரிய உடையை அணிந்துகொண்டே நம்முன் வருகிறார். அன்றாட நினைவுகளை எழுதுகிறவரோ வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே பேசுகிறார். அண்டை வீட்டாரை அவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பது அவரையும் அறியாமல் அந்தப் பேச்சில் வெளிப்பட்டுவிடும். அண்டை வீட்டாராக வாழ்கின்ற நாம் அதனால்தான் இவ்வகை எழுத்தையும் இவ்வகைச் சித்திரத்தையும் ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டமும் சிரிப்பும் எழுத்துக்குத் தகுதியற்ற பொருள்கள் என்பாரும் உளர். பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை பெருமானார் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அறிவித்தவர் அன்னையாரேதாம். இந்த ஒரு குறிப்பை வீண் பேச்சு என்று நீக்கிவிட நம்மில் எவரும் துணியமாட்டோம்.

இவ்வகைத் திண்ணைப் பேச்சுக்குத் திருவரங்கம் தமிழுக்கு இருவரைத் தந்திருக்கிறது. ஒருவர் சுஜாதா. 1935-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியார் வீட்டில் வளர்ந்தவர். திருச்சிப் புனித வளனார் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தில் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்னும் பெயரில் அவர் எழுதி வந்த குறிப்புகளை அன்றாடச் சிந்தனை என்னும் இலக்கிய வகைக்குத் தமிழில் ஒரு நல்ல மாதிரியாகக் கொள்ளலாம். அவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே இதற்கு மேல் தேவையில்லை. மற்றொருவர் எழுத்தோடு கோட்டையும் கைக்கொண்ட மதன். நாம் பேச எடுத்துக்கொண்டது அவரைப் பற்றியே.

மதன் 1947-இல் திருவரங்கத்தில் பிறந்தவர். ஓவியப் பள்ளியின் வழியாக அன்றி, இயற்பியல் வகுப்பின் வழியாகப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர். ஆனந்த விகடனில் நெடுங்காலம் பணியாற்றி, ஆசிரியர் குழுவிலும் பொறுப்பேற்றவர். ‘ரெட்டைவால் ரெங்குடு’, ‘முன்ஜாக்கிரதை முத்தண்ணா’, ‘சிரிப்புத் திருடன் சிங்காரவேலு’ ஆகியோரை அறியாத தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் குறைவு. நம் வீடுகளிலும் விகடன் வந்தவுடன் முதலில் புரட்டப்பட்டவை இந்தப் பக்கங்களே. அரசியல் கேலிச்சித்திரம் ஒரு கையிலும், ‘ஹாய் மதன்’ என்னும் கேள்வி பதில் மறு கையிலுமாக, உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவர் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார்.

மதனின் கோட்டில் பயின்ற ஓவியர்களின் கனம் இல்லை. கோபுலுவின் சித்திரத்தில் ஒரு தெருவையே அள்ளி வைத்தாற்போன்ற நிறைவு இருக்கும். சில்பியின் கோயில் தூணில் கல்லின் குளிர்ச்சி தெரியும். மதனிடம் அவற்றைத் தேடுவது வீண். அவருடைய திறமை அசைவில் இருக்கிறது. ஒரு சிறுவன் ஓடுகிறான் என்பதைக் காட்ட, தரையைத் தொடாத இரு கால்களும், பின்னால் இரண்டு கீற்றும், ஒரு சிறு புழுதிச் சுருளும் அவருக்குப் போதும். படத்தைப் பார்த்த கணத்திலேயே அவன் ஏதோ செய்துவிட்டு ஓடுகிறான், யாரோ துரத்துகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். ரெங்குடு என்பது அரங்கன் பெயரைச் செல்லமாகச் சிதைத்த பெயர். அரங்கத்தின் மதில்களுக்குள் உத்தர வீதியும் சித்திரை வீதியும் அடையவளஞ்சான் வீதியும் ஒன்றையொன்று சூழ்ந்து நாற்புறமும் செல்கின்றன. எந்த மூலையில் ஓடத் தொடங்கினாலும் நேரே ஓடி நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ரெங்குடு போன்ற பிள்ளைகளுக்காகவே கட்டிய ஊர் என்று எண்ணத் தோன்றுகிறது; கட்டிய மன்னர்கள் வேறு எதையோ கருதியிருப்பார்கள்.

அரசியல் சித்திரத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் வேரூன்றச் செய்தவர் பாரதியார். அவருடைய ‘இந்தியா’ வார இதழ் 1906-ஆம் ஆண்டிலிருந்தே வெள்ளையரைக் கோட்டால் தாக்கியது. அந்த மரபு எவ்வளவு கூர்மையானது என்பதை நம் காலத்துச் சட்டமன்றமே ஒருமுறை நிரூபித்தது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வெளிவந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குப் படம் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் இழிவுபடுத்தியதாகக் கூறி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் நீதிமன்றம் சென்று, அடையாளத்துக்காக ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். ஒரு சிரிப்புக்கு இத்தனை விலை இருக்குமானால், அந்தச் சிரிப்பில் நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று கேட்பது மிகையாகாது.

எப்படித் தோன்றுகிறோம்? இதனை மதனுக்கு எதிரான வழக்காக நாம் தொடுக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைச் சித்திரம் முழுமைக்கும் உரிய வழக்கத்தைக் கூறுகிறோம். கூட்டத்தில் ஒரு முஸ்லிம் நிற்கிறார் என்பதைக் காட்ட ஓவியருக்கு ஒரு குல்லா வேண்டும், ஒரு குறுந்தாடி வேண்டும், கட்டம் போட்ட கைலி வேண்டும். பேச வைத்தால் ‘நம்பள், நிம்பள்’ என்று பேச வைப்பார்கள். இந்த மொழி திரைப்படத்தின் கொடை. திருச்சியில் பாலக்கரை ராவுத்தர் கடையில் அப்படி யாராவது பேசிக் கேட்டதுண்டா? அங்கே கேட்கும் தமிழ், பக்கத்துக் கடைச் செட்டியார் பேசுகின்ற அதே தமிழ். இருந்தும் இந்தக் குல்லா நம்மை விட்டு நீங்குவதில்லை. ‘எல்லோரும் ஓர் குலம்’ என்னும் சித்திரத்தில் நம்மைச் சேர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அதை வரைகிறார்கள். அந்த நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அந்தக் குல்லாவைக் கழற்றிவிட்டால் அந்தச் சித்திரத்தில் நமக்கு இடம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓடுகிற சிறுவனாக, பரீட்சைக்குப் பயப்படுகிற மாணவனாக, முன்ஜாக்கிரதை மிகுந்த அண்ணனாக ஒரு அப்துல் காதரையோ முஹம்மது யூசுபையோ யார் வரைந்தார்கள்? ஒற்றுமைப் படத்தில் இடம் உண்டு. குறும்புப் படத்தில் இல்லை.

இந்த ‘மாதிரி மனிதன்’ வழக்கம் நேற்றுத் தோன்றியதும் அன்று. அதற்குத் திருச்சியிலேயே ஒரு முன்வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, காக்காப்பொன் என்று நம் வீட்டார் கூறும் மைக்காத் தகடுகளில் சித்திரம் எழுதுவதற்குப் பெயர் பெற்றிருந்தது. கும்பினி அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஊருக்கு எடுத்துச் செல்வதற்காக வாங்கினார்கள். சாதிக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர். கையில் அந்தத் தொழிலுக்குரிய கருவி. அருகே அவருடைய மனைவி. அந்தச் சிறு தகடுகளின் வண்ணம் இன்றும் கண்ணைப் பறிக்கும். வரைந்த கைகள் நம்மூர்க் கைகள். வாங்கிய கண்கள் வேறு நாட்டுக் கண்கள். அந்தக் கண்களுக்குத் தேவைப்பட்டது தச்சன் என்னும் இனம். இன்ன தெருவில் வாழ்ந்த, இன்ன கவலை கொண்ட ஒரு தச்சன் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கும்பினி போயிற்று. தகடு போய்க் காகிதம் வந்தது. மாதிரி மனிதன் மட்டும் போகவில்லை.

ஆயினும் அதே ஊரில், காவிரிக்கு அக்கரையில், ஒரு முஸ்லிமை மாதிரியாகக் கொள்ளாமல் மனிதராகவே கண்ட சித்திரம் ஒன்றும் உண்டு. அரங்கநாதர் ஆலயத்துக்குள் துலுக்க நாச்சியார் சந்நிதி இருப்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்ட அரங்கனின் உருவத்தின் மீது அன்பு கொண்ட சுல்தானின் மகள், அது மீட்கப்பட்டபோது பின்தொடர்ந்து வந்தாள் என்பது அக்கோயிலின் ஐதிகம். வரலாற்று ஆசிரியர் இதை ஏற்கமாட்டார், ஏற்க வேண்டியதுமில்லை. நமக்கு வியப்பளிப்பது வேறு. அங்கே அந்தப் பெண்ணுக்குச் சிலை இல்லை. சுவரில் எழுதிய ஓவியமே இருக்கிறது. முஸ்லிம் பெண்ணைச் சிலையாக வடிப்பது பொருந்தாது என்று கருதியே அவ்வாறு எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவளுக்காக ரொட்டி படைக்கப்படுகிறது. அரங்கனுக்குக் கைலி உடுத்துகின்ற வழக்கமும் உண்டு. அக்கோயிலின் நம்பிக்கை நம்முடையதன்று. அதை மறைக்காமலே ஒன்று கூறலாம்: படையெடுப்பின் துயரத்தை அனுபவித்த ஓர் ஊர், படையெடுத்தவனின் மகளை வரைய நேர்ந்தபோது பகையால் வரையவில்லை. அவளுடைய உணவையும் உடையையும் எண்ணிப் பார்த்து, அவளுடைய சமயத்துக்கு எது ஒவ்வாது என்பதையும் எண்ணிப் பார்த்து வரைந்தது. கேலிச்சித்திரக்காரர்களின் கைலிக்கும் இந்தக் கைலிக்கும் உள்ள தொலைவு அளக்கத்தக்கது.

இப்போது மதனின் நூலுக்கு வருவோம். ஜூனியர் விகடனில் தொடராக வந்து, நூலாகிப் பல பதிப்புகள் கண்ட ‘வந்தார்கள் வென்றார்கள்’, தில்லியை ஆண்ட சுல்தான்களையும் முகலாயர்களையும் பற்றித் தமிழில் மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று. பள்ளிப் பாடநூலில் ஆண்டுகளும் போர்க்களங்களுமாக வறண்டு கிடந்த வரலாற்றை, பேருந்தில் நின்றுகொண்டே படிக்கக்கூடிய உரைநடைக்குக் கொண்டுவந்தார். கேலிச்சித்திரம் வரைந்த கை இதற்கு மிகவும் உதவியிருக்கிறது. ஒரு மன்னரின் குணத்தை ஒரு செய்கையால் பிடித்துக் காட்டுவதும், கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் முன்னே நிறுத்துவதும் சித்திரக்காரரின் வித்தைகள். துக்ளக்கின் அறிவும் அறிவின்மையும் ஒரே மனிதரிடம் பொருந்துவதும், ஹுமாயூனின் தடுமாற்றமும் கதைபோல் நம்முன் நடக்கின்றன. கொடுமை செய்தவர்களின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று நாமும் கேட்கமாட்டோம். தைமூரின் வாளுக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? அவன் 1398-இல் தில்லியில் கொன்று குவித்தபோது அந்தத் தில்லியை ஆண்டவரும் முஸ்லிமாகவே இருந்தார்.

இந்நூல் எழுந்த காலத்தையும் நினைக்க வேண்டும். 1992 டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டில் பாபர் என்னும் பெயர் மேடைகளில் ஒரு வசைச்சொல்லாக்கப்பட்டது. அப்படிப்பட்ட பத்தாண்டில், லட்சக்கணக்கான தமிழர் படிக்கும் இதழ்க் குடும்பத்திலிருந்து, பாபரைப் பிறந்து வளர்ந்து அஞ்சி வென்று இறந்த ஒரு மனிதராகக் காட்டும் எழுத்து வந்தது சிறிய செயலன்று. மதனுக்கு நம் சமுதாயம் கடமைப்பட்டிருக்கிறது என்று தயங்காமல் கூறுவோம்.

பாபரைப் பற்றிப் பேசும்போது, நாம் தொடக்கத்தில் கூறிய அன்றாடக் குறிப்பு இலக்கியம் மீண்டும் முன்வருகிறது. சகதாய்த் துருக்கியில் அவர் எழுதிய ‘பாபர்நாமா’ அந்த வகையின் சிகரங்களுள் ஒன்று. அரசியல் அதில் இருக்கிறது. ஆனால் முலாம்பழமும் இருக்கிறது. இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை என்று வென்ற நாட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார். பிறகு அதே நாட்டின் பறவைகளையும் மரங்களையும் பொறுமையாக ஒவ்வொன்றாக எழுதுகிறார். கங்கையை நீந்திக் கடந்ததையும், முப்பத்து மூன்று வீச்சில் அக்கரை சேர்ந்ததையும், எண்ணிக்கொண்டே நீந்தி, இளைப்பாறாமல் திரும்பியதையும் குறித்து வைத்திருக்கிறார். தன் ஓட்டத்தை எண்ணிப் பார்க்கும் இன்றைய இளைஞருக்கும் அவருக்கும் இடையில் ஐந்நூறு ஆண்டுகள் இருப்பதாகவே தோன்றவில்லை. பேரர் அக்பரின் காலத்தில் அப்துர் ரஹீம் கான்கானான் 1589-இல் அதைப் பாரசீகத்தில் ஆக்கினார். அரசவை ஓவியர்கள் அந்தப் பறவைகளுக்கும் பழங்களுக்கும் படம் எழுதினார்கள். எதிரியின் மேடையில் அவர் ஒரு வாள். தம்முடைய குறிப்பேட்டில் முலாம்பழத்துக்கு ஏங்குகின்ற அயலூரார். மதனின் நூல் இந்த இரண்டாவது மனிதரின் பக்கத்தில் நிற்கிறது. வாளை விடப் பழத்துக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம் என்பது நம் ஆசை.

நம்முடைய மனத்தாங்கல் தலைப்பில் இருக்கிறது. ‘வந்தார்கள் வென்றார்கள்’ – ஓசை நயம் மிக்க தலைப்பு, விற்பனைக்கும் உகந்தது. தில்லியைப் பொறுத்தவரை பிழையும் அன்று. ஆனால் தமிழில் எழுதப்படும் நூல் தமிழ்நாட்டுத் தெருவில் படிக்கப்படுகிறது. படித்துவிட்டு நிமிர்கின்ற வாசகரின் கண்ணில் தைமூர் படுவதில்லை; எதிரே கடை வைத்திருக்கும் பாய் படுகிறார். ‘வந்தவர்’ என்னும் வினை தில்லியிலிருந்து புறப்பட்டுச் சத்தமின்றி அந்தக் கடைப்பலகையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆசிரியர் அதைக் கருதினார் என்று நாம் கூறவில்லை. சொற்கள் ஆசிரியரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

தில்லிப் படை முதன்முதலில் தமிழகம் வந்தபோது இங்கிருந்த முஸ்லிம் எந்தப் பக்கம் நின்றார்? இதற்கு விடை அந்தப் படையின் புகழைப் பாடிய அமீர் குஸ்ரவின் ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ நூலிலேயே இருக்கிறது. 1311-இல் மாலிக் காபூரின் படை கந்தூர் என்னும் ஊரை அடைந்தது. திருவரங்கத்துக்கு வடக்கே உள்ள கண்ணனூரே அது என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே இந்து மன்னரின் குடிகளாக இருந்த முஸ்லிம்கள் படையினர் கையில் சிக்கினார்கள். கொல்லத்தக்கவர்களே ஆயினும் கலிமா ஓதத் தெரிந்தமையால் விடப்பட்டார்கள் என்கிறார் குஸ்ரவ். அதாவது வந்தவர்கள் வந்தபோது நாம் ஏற்கெனவே இங்கே இருந்தோம்; பாண்டியனின் குடிகளாக இருந்தோம்; வந்தவரின் கண்ணில் குற்றவாளிகளாகத் தெரிந்தோம். அதற்கு முன்பே பாண்டியனின் அவையில் தகியுத்தீன் என்னும் முஸ்லிம் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். திருச்சி மண்ணில் நடந்த வரலாறு இது. திருவரங்கத்தில் பிறந்த ஓர் ஆசிரியர், தம் பிறந்த வீட்டிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கண்ணனூரை விட்டுவிட்டுத் தில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று குறை கூறலாமா? நூலின் எல்லை தில்லி என்று அவர் பதில் கூறினால் நமக்கு மறுமொழி இல்லை. ஒரு நூலை அது எழுத முனையாத ஒன்றுக்காகக் கடிவது திறனாய்வு ஆகாது.

அப்படியானால் அந்த இன்னொரு நூலை யார் எழுதுவது, யார் வரைவது? 1973-இல் இதே திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியபோது சீறாவும் படைப்போரும் மஸ்அலாவும் நாமாவும் ஆராயப்பட்டன. மிக நன்று. நம் கலைஞர்கள் எழுத்தணியிலும் கொடிப்பின்னலிலும் கைவன்மை காட்டியிருக்கிறார்கள். உருவம் வரைவது குறித்து நம் வீடுகளில் மார்க்க அடிப்படையிலான தயக்கம் உண்டு. அதை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தின் விளைவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நாம் வரையாமல் இருப்பதால் நம் உருவம் வரையப்படாமல் போய்விடவில்லை. பிறர் வரைகிறார்கள், குல்லாவோடு. வரையத்தான் வேண்டாம், எழுதவாவது செய்யலாமே என்றால், நம்மவர் எழுதும் கதைகளிலும் சிறுவர்கள் பெரும்பாலும் அறிவுரை கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஓடுவதில்லை. மதரஸாவுக்கு நேரமாகிவிட்டதென்று நத்தர்ஷா தர்காவின் வெளிச்சுற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகின்ற பிள்ளையை எந்தக் கதையிலும் காணோம். தர்காவுக்குப் போகிற எவரும் அவனைக் காணலாம்.

அந்தத் தர்காவின் நிழலில்தான் சந்தா சாகிபு அடக்கமாகியிருக்கிறார். 1752-இல் பிரெஞ்சுப் படையோடு திருவரங்கத்துக்குள் புகுந்து, முற்றுகையில் சிக்கி, சரணடைந்து, தஞ்சைப் படைத்தலைவனால் தலை துண்டிக்கப்பட்டவர். அவரை வென்ற வாலாஜா நவாபு முஹம்மதலியும், 1795-இல் சென்னையில் இறந்தபின், இங்கேயே கொண்டுவந்து அடக்கப்பட்டார். வந்தவரும் வென்றவரும் தோற்றவரும் ஒரே முற்றத்தில் இருக்கிறார்கள். கந்தூரி நாட்களில் பிள்ளைகள் அந்தக் கல்லறைகளுக்கிடையே துரத்திப் பிடித்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் அதட்டுகிறார்கள், அவர்கள் கேட்பதில்லை. அசைவை இரு கீற்றில் காட்டத் தெரிந்த மதன் எழுபது வயதைக் கடந்தவர். ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவர்தாம். ஒரு கந்தூரி நாளில் காகிதமும் பேனாவுமாக இக்கரைக்கு வந்து அந்த முற்றத்தில் அமர்வாரானால், தேநீர் கொடுத்து உபசரிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.